திருவிருந்துக்கு நான் போகாத பதினோரு மாதங்கள்

எங்கள் சபையில் பிரசங்கபீடத்துக்கு வலப்பக்கச் சுவரில் ஒரு மரப்பலகை இருக்கிறது. அன்றைக்குப் பாடப்போகும் பாட்டுகளின் எண்களை அதில் செருகி வைப்பார்கள். சின்ன வயதிலிருந்து கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பலகை பழகிப்போன ஒன்று. உள்ளே வந்ததும் கண் முதலில் அங்கேதான் போகும். 2023-ஆம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆரம்ப ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போது, நான் அந்த எண்களைக் கூட்டி, மாற்றிப் போட்டு, நான்கு இலக்கமாக்கிக்கொண்டிருந்தேன். ஆராதனை முடிந்ததும் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பேசியில் அந்த எண்ணுக்கு இருபது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டினேன். மாலை 6.30 மணிக்குக் குலுக்கல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூதாட்டப் பழக்கம் கோயிலுக்கு வராதவர்களுக்குத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அப்படி நினைக்கிற யாராவது இதைப் படிக்கக்கூடும்.

நான் சிங்கப்பூரில் யீஷூனில் இருக்கிறேன். ஒரு கிளினிக்கில் முன்மேசை வேலை. சம்பளம் 2,700 வெள்ளி, மத்திய சேமநிதிக்குப் போக கைக்கு வருவது 2,160. கணவர் பஸ் ஓட்டுகிறார். மகன் அப்போது தேசிய சேவையில் இருந்தான். பன்னிரண்டு வருடம் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். சபையில் என்னை 'அக்கா' என்று கூப்பிடாத பிள்ளை கிடையாது.

ஆரம்பம் சாதாரணமாகத்தான் இருந்தது. கிளினிக்கில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து நாலு நம்பர் வாங்குவோம், அதாவது நான்கு இலக்க எண்ணில் பணம் கட்டும் குலுக்கல், ஆளுக்கு ஒரு வெள்ளி. 2022 ஏப்ரலில் நான் தனியாக, என் அம்மா இருந்த பழைய வீட்டு எண்ணை 'பிக்' என்ற பந்தய வகையில் இரண்டு வெள்ளிக்கு வாங்கினேன். இரண்டாம் பரிசு விழுந்தது. ஒரு வெள்ளிக்கு ஆயிரம், இரண்டு வெள்ளிக்கு 2,000. அந்த வாரமே 200 வெள்ளியைத் தசமபாகமாகக் காணிக்கை உறையில் போட்டேன். இன்று திரும்பிப் பார்த்தால், பணம் போன இடங்களைவிட அந்த உறைதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. கர்த்தர் கொடுத்த பணம் என்று எனக்கு நானே முத்திரை குத்திக்கொண்டேன். அதற்குப்பிறகு தோற்கும்போதெல்லாம் "கொடுத்தவர் மறுபடியும் கொடுப்பார்" என்று ஜெபம் செய்துவிட்டு வாங்க ஆரம்பித்தேன். பொருத்தனைகூடப் பண்ணினேன்: இந்தத் தடவை விழுந்தால் பாதியைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு நிறுத்திவிடுகிறேன் ஆண்டவரே என்று. அது ஜெபம் அல்ல, பேரம் என்று சொல்ல யாரும் பக்கத்தில் இல்லை, ஏனென்றால் நான் யாரிடமும் சொல்லவில்லை.

வாரத்தில் புதன், சனி, ஞாயிறு என்று மூன்று குலுக்கல். கடையில் வரிசையில் நின்று வாங்கியவரைக்கும் தெரிந்தவர்கள் கண்ணில் படுமோ என்ற கூச்சம் ஒரு கடிவாளமாக இருந்தது. கைப்பேசியில் கணக்குத் திறந்ததும் அதுவும் போய்விட்டது. சூதாட்டக் கூடத்துக்கு ஒரே ஒரு தடவை போனேன். உள்ளே நுழைவதற்கே 150 வெள்ளி கட்டி, இன்னும் 600 வெள்ளி தோற்று, கடைசி ரயிலில் வீட்டுக்கு வந்தேன். கணவருக்கு அன்று இரவு ஷிப்ட்.

அடுத்து வருவதைச் சொல்லத்தான் எனக்கு அதிகத் தயக்கம். 2023 ஜூன் பள்ளி விடுமுறையில் சபைக் குடும்ப முகாம் மலாக்காவில் நடந்தது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் 28 பேருக்கு ஆளுக்கு 120 வெள்ளி. வசூல் பண்ணும் பொறுப்பு என்னுடையது. வசதியாக இருக்கட்டும் என்று பெற்றோர் எல்லாரும் பேநவ் என்ற கைப்பேசிப் பணப்பரிமாற்றம் வழியாக என் சொந்தக் கணக்குக்கே அனுப்பினார்கள். மொத்தம் 3,360 வெள்ளி. மூன்று வாரத்தில் அதிலிருந்து 1,450 வெள்ளியை எடுத்து நம்பரில் போட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும், சம்பளம் வந்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். பொருளாளரிடம் பணத்தை ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கியபோது கையில் எதுவும் இல்லை. உரிமம் பெற்ற ஒரு கடன் நிறுவனத்தில் 5,000 வெள்ளி வாங்கினேன். கட்டணம் என்று 500 பிடித்துக்கொண்டு 4,500 கையில் தந்தார்கள். மாதம் நான்கு சதவீத வட்டி, முதல் மாதமே 200. முகாம் பணத்தைச் சரிசெய்து ஒப்படைத்தேன். யாருக்கும் தெரியாது. மீதி 3,050 வெள்ளியை ஏற்கெனவே இருந்த வங்கிக் கடனுக்குக் கட்ட வேண்டும் என்றுதான் வைத்திருந்தேன். ஆறு வாரத்தில் அதுவும் போனது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் சபைக் குழுவில் இருந்தால், எவ்வளவு நல்லவர் என்றாலும் எந்த விசுவாசியின் சொந்தக் கணக்குக்கும் சபைப் பணம் போகவிடாதீர்கள். சபைக் கணக்குக்கே நேராகப் போகட்டும். வசூல் பட்டியலை இரண்டு பேர் பார்க்கட்டும். காணிக்கையை எண்ணும்போது இரண்டு பேர் உட்காருகிறார்கள் அல்லவா, அதே ஒழுங்கு முகாம் பணத்துக்கும் வேண்டும். இது சந்தேகம் அல்ல. என்னைப்போல உள்ளுக்குள் இழுபட்டுக்கொண்டிருக்கிற ஒருவரை வாசலிலேயே தடுத்து நிறுத்தும் அன்பு. அதே சமயத்தில், 'அரை மணி நேரத்தில் பணம்' என்று எனக்கு வாட்ஸ்அப்பில் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. ஒருமுறை பதில் போடக் கை போய்விட்டது. உரிமம் பெற்றவர்கள் அப்படிச் செய்தி அனுப்பவோ தொலைபேசியில் கூப்பிடவோ கூடாது என்பது சிங்கப்பூரில் விதி. அப்படி வந்தாலே அது கள்ளக்கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிலே போடாதீர்கள். போட்டிருந்தால் எங்கள் வீட்டுக் கதவில் சாயம் ஊற்றியிருப்பார்கள்.

முகாம் முடிந்து வந்த பிறகு, 2023 ஜூலை முதல் ஞாயிறு. எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து. பவுல் கொரிந்தியருக்கு எழுதின பகுதியைப் போதகர் வாசித்தார். 'அபாத்திரமாய்', அதாவது தகுதியில்லாமல், என்ற அந்த ஒரு சொல் என்னைக் குத்தியது. எழுந்து பின்பக்கமாக நழுவி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கீழே வகுப்பறைக்குப் போய்விட்டேன். அடுத்த மாதமும் அப்படியே. அப்புறம் முதல் ஞாயிறுகளில் பாலர் வகுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மற்ற ஆசிரியைகள் நன்றி சொன்னார்கள். "அக்கா எவ்வளவு தியாகம் பண்றாங்க" என்றார்கள். பதினோரு மாதம் நான் அப்பத்தையும் பாத்திரத்தையும் தொடவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. ஊழியத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது அவ்வளவு சுலபம்.

ஒவ்வொரு ஞாயிறும் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை ஜெபம் வாசிக்கிறோம். நானும் சத்தமாக வாசித்தேன். அதில் எல்லாமே 'நாங்கள்' என்று வரும். அந்த 'நாங்கள்' எனக்கு ஒரு கூட்டமாக இருந்தது, அதற்குள் என்னை யாரும் தேட முடியாது. அறிக்கை ஜெபத்தில் எனக்குக் குறையே தெரியவில்லை. ஆனால் 'நாங்கள்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து 'நான்' என்று சொல்லாமல் இருந்தால் அந்த ஜெபம் பாதியில் நிற்கிறது. "நான் அடக்கிவைத்தமட்டும்" எலும்புகள் உலர்ந்துபோனதாகத் தாவீது 32-ஆம் சங்கீதத்தில் சொல்கிறார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வசனம்தான். எனக்கு அந்த வருடம் தூக்கம் போனது, ஏழு கிலோ எடை போனது. கிளினிக் டாக்டர் தைராய்டு பரிசோதனை எழுதிக்கொடுத்தார். எல்லாம் சரியாக இருந்தது.

இரண்டு தடவை வெளியே வரப் பார்த்தேன், இரண்டும் தவறிப்போனது. முதலாவது, வீட்டு ஜெபக்குழுவில் என் வயதுள்ள ஒரு சகோதரியிடம், "பண விஷயத்தில் ஒரு கட்டு இருக்கிறது, ஜெபம் பண்ணுங்க" என்று பாதி சொன்னேன். அன்று இரவே வாட்ஸ்அப் குழுவில் ஜெபக்குறிப்பு வந்தது. பெயர் போடவில்லை. ஆனால் 'கிளினிக்கில் வேலை செய்யும் நம் சகோதரி' என்று இருந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் எட்டு வாரம் நான் அந்தக் குழுவுக்குப் போகவில்லை. அந்த எட்டு வாரத்தில்தான் அதிகமாக இழந்தேன். இரண்டாவது, ஒரு எழுப்புதல் கூட்டம். வெளியூரிலிருந்து வந்த ஊழியர் அழைப்புக் கொடுத்தபோது முன்னால் போய் முழங்காலில் நின்று அழுதேன். தலைமேல் கை வைத்து விடுதலை என்று அறிவித்தார். அந்த அழுகை உண்மைதான். பொய் அழுகை இல்லை. ஆனால் என் தொகை எவ்வளவு, கடன் யாரிடம், கணவருக்குத் தெரியுமா என்று யாருக்கும் நான் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஒன்பது நாளில் மறுபடியும் வாங்கினேன். வாங்கினதைவிட, விடுதலை பெற்றவள் மறுபடி விழுந்தாள் என்ற எண்ணம்தான் என்னை உடைத்தது. எனக்கு மன்னிப்பே இல்லை என்று அந்த வாரம்தான் முடிவு பண்ணினேன்.

ஆகவே அனுபவத்தில் சொல்கிறேன். சொல்லப்போகும் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உங்களிடம் மற்றவர்களின் கதையைச் சொல்லாதவராக இருக்க வேண்டும். அதுதான் நான் இப்போது பார்க்கும் அடையாளம். உங்களைவிடக் கொஞ்சம் வயது மூத்தவராக, உங்களிடம் கடன் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லாதவராக இருந்தால் நல்லது. பாதி சொல்லாதீர்கள். பாதி சொன்னால் பாதி பாரம்கூட இறங்காது, பயம் மட்டும் இரட்டிப்பாகும். "இதை யாரிடமும், ஜெபக்குறிப்பாகக்கூட, சொல்ல வேண்டாம்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

2024 மே முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்து சமையலறைப் பக்கம் போனேன். திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவும் பெரியம்மா தனியாக இருந்தார். எழுபதைத் தாண்டியவர். விரல் நுனி அளவு கண்ணாடிக் கிண்ணங்கள், ஒவ்வொன்றையும் வெந்நீரில் அலசி, வெள்ளைத் துணியில் வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். அவர் தலையைத் தூக்காமலே, "பாலர் வகுப்புக்கு மேலே இருந்து கிண்ணம் கொடுத்தனுப்பவான்னு போன வருஷமே கேக்க நெனச்சேன். உனக்கு வேண்டாம்னுதானே கீழ போற?" என்றார். பதினோரு மாதத்தில் ஒருவராவது கவனித்திருக்கிறார். எனக்கு உடம்பு நடுங்கியது. எல்லாவற்றையும் சொன்னேன், முகாம் பணம் உட்பட. அவர் வசனம் சொல்லவில்லை. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடமாக நான் கூட்டியே பார்த்ததில்லை. ஆராதனை முறைத் தாளின் பின்பக்கத்தில் இருவரும் எழுதினோம். சேமிப்பில் போனது 7,600. சீட்டு நிதிப் பணம் 3,000. வங்கிக் கடன் 11,800. கடன் நிறுவனம் 5,000. மொத்தம் 27,400 வெள்ளி, வட்டி தனி. அந்த எண்ணைப் பார்த்ததும் பயத்தைவிட ஒருவித அமைதிதான் வந்தது. இருட்டில் யானை மாதிரித் தெரிந்ததற்கு ஒரு அளவு கிடைத்துவிட்டது.

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "அப்ப இன்னைக்கு அவரு. நாளைக்கு மத்தது."

அன்று இரவு சொன்னேன். கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை. விடிகாலை நாலரைக்கு வேலைக்குக் கிளம்பினார். பன்னிரண்டு நாள் எங்கள் வீட்டில் பேச்சே இல்லை. பதின்மூன்றாம் நாள், "பணம் போனது சரி. ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு ரெண்டு வருஷம் எப்படி முடிஞ்சது உன்னால?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றுவரை இல்லை. மன்னிப்புக் கேட்டால் உடனே கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். தேவன் உடனே மன்னிக்கிறார். மனிதர்களுக்குக் காலம் வேண்டும், அதைக் கொடுக்கத்தான் வேண்டும்.

திங்கட்கிழமை பெரியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, சூதாட்டப் பிரச்சினைக்கான உதவி எண்ணுக்குப் பேசினேன்: 1800-6-668-668. பெயரைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் சொல்லாமலே பேச ஆரம்பிக்கலாம். ஆலோசகர் முதலில் சுயவிலக்கு விண்ணப்பத்தைச் சொன்னார். சூதாட்டக் கூடத்துக்கும், நம்பர் வாங்கும் இணையக் கணக்குக்கும் நம்மை நாமே தடைசெய்துகொள்ளலாம். ஆனால் கடைக்கு நடந்து போய்ச் சீட்டு வாங்குவதை அது தடுக்காது. அதனால் என் சம்பளத்தைக் கணவரின் பொறுப்பில் விட்டு, கையில் தினசரிச் செலவுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே உள்ள நம்பர் கடையைத் தாண்டாத வழியில் வீட்டுக்கு வருகிறேன், ஆறு நிமிடம் கூடுதல். கடன் நிறுவனங்கள் இனி எனக்குக் கடன் தரக்கூடாது என்று அதற்கும் ஒரு சுயவிலக்கு உண்டு, அதையும் செய்தேன். வங்கிக் கடனுக்கு 'கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர்' என்ற கடன் ஆலோசனை அமைப்பில் போய் உட்கார்ந்து, மாதத் தவணையாகக் கட்ட வழி பண்ணிக்கொண்டேன். ஜெபம் பண்ணினால் போதும், இதெல்லாம் அவிசுவாசம் என்று ஒருவர் சொன்னார். காய்ச்சலுக்கு மாத்திரை போடுகிறோமே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போதகரிடமும் பொருளாளரிடமும் முகாம் பணத்தைப் பற்றிச் சொன்னது கணவரிடம் சொன்னதைவிடக் கடினம். பணம் திரும்பி வந்துவிட்டதே, எதற்குச் சொல்ல வேண்டும் என்று மனது வாதாடியது. சொன்னேன். ஒரு வருடம் ஓய்வுநாள் பள்ளியிலிருந்து விலகியிருக்கச் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது. கிருபை என்று பிரசங்கம் பண்ணிவிட்டு இப்படியா என்று தோன்றியது. ஆறு மாதம் கழித்துத்தான் அவர்கள் செய்தது சரி என்று புரிந்தது. பன்னிரண்டு வருடமாக நான் பாடம் கற்றுக்கொடுக்க மட்டுமே கோயிலுக்குப் போயிருக்கிறேன். முதல்முறையாக, எதுவும் செய்யாமல் ஒரு பாவியாக மட்டும் உட்கார்ந்து வசனம் கேட்டேன்.

வரி வசூலிப்பவனான சகேயுவின் கதையை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! மரத்திலிருந்து இறங்கு, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு முதலில் சொல்கிறார். அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று சகேயு சொல்வது அதற்குப் பிறகுதான். நான் அதைத் தலைகீழாக வைத்திருந்தேன். கடனை அடைத்துவிட்டு, சுத்தமாகிவிட்டு, பிறகு அவர் வரட்டும் என்று. தகப்பனின் சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வரும் கெட்ட குமாரனும் அப்படித்தான். "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்று சொல்ல வேண்டியதை வழியெல்லாம் தயார்பண்ணிக்கொண்டு வருகிறான். லூக்கா 15-ஐ எடுத்துப் பாருங்கள், தகப்பன் முன்னால் நிற்கும்போது அந்த வரி இல்லை. அதற்குள் தகப்பன் உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். என்னை விரட்டின அந்தக் கொரிந்தியர் பகுதியையும் போதகர் என்னோடு உட்கார்ந்து வாசித்தார். பசித்த ஏழைகளை விட்டுவிட்டுத் தாங்கள் மட்டும் முந்திச் சாப்பிட்டவர்களைத்தான் பவுல் அங்கே கண்டிக்கிறார். அடுத்து, "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து" என்று ஆரம்பிக்கிற வசனம் எப்படி முடிகிறது தெரியுமா? புசித்துப் பானம்பண்ணக்கடவன் என்று முடிகிறது. சோதித்தறிந்து விலகிப்போகக்கடவன் என்று எழுதியிருக்கவில்லை. பதினோரு மாதம் நான் பாதி வசனத்தைப் பிடித்துக்கொண்டு பட்டினி கிடந்திருக்கிறேன்.

2024 ஜூன் முதல் ஞாயிறு திருவிருந்துக்குப் போனேன். கடன் ஒரு வெள்ளியும் குறையவில்லை. வீட்டில் பேச்சு அப்போதுதான் திரும்பியிருந்தது. முழங்கால்படியிட்டபோது பெரியம்மா இரண்டு பேர் தள்ளி இருந்தார், என் பக்கம் திரும்பவில்லை. அப்பம் நாக்கில் பட்டதும் உமிழ்நீர் வற்றி விழுங்கவே முடியவில்லை.

கடனில் இன்னும் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பாக்கி இருக்கிறது. நடுவில், 2024 தீபாவளி வாரத்தில், ஒருமுறை தவறிக் கடையில் ஆறு வெள்ளிக்கு வாங்கினேன். அன்றைக்கே கணவரிடமும் ஆலோசகரிடமும் சொன்னேன். முன்பானால் அந்த ஆறு வெள்ளியை மறைக்க அறுநூறு செலவழித்திருப்பேன். எண்கள் இன்னும் என்னை இழுக்கின்றன, முக்கியமாக ஞாயிறு காலையில். அதனால் கோயிலில் இடம் மாறி, இடப்பக்கத் தூணுக்குப் பின்னால் உட்காருகிறோம். அங்கிருந்து பலகை தெரியாது. பாட்டு அறிவிக்கும்போது கணவர் எட்டிப் பார்த்து, பக்கத்தை எடுத்து, புத்தகத்தை விரித்து என் கையில் தருகிறார்.